மாமன்மார் இல்லாத வீட்டில் பெண் கேட்கப் போனவனுக்கு

தம்பி,

எங்கள் பெண்ணுக்கு ஒருநாள் சாதாரணக் காய்ச்சல் வந்தால், உங்கள் வீட்டில் முதலில் என்ன நினைப்பீர்கள்? நீ கட்டிக்கொள்ளப் போகிற தடாலாவின் பெரியம்மா போன வாரம் போனில் என்னிடம் கேட்ட கேள்வி இது. நீ அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய்.  யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஒரு வாரமாக யோசித்தும் பதில் தெரியவில்லை. தில்லியில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் டெங்கு என்றுதான் நினைப்போம் என்று சிரித்துச் சமாளித்திருக்கலாம். அந்தப் பதில் அவரிடம் செல்லாது. செத்துப்போன தங்கையின் பிள்ளை தடாலாவை முதுகில் கட்டிக்கொண்டு மருத்துவமனை வரிசையில் நின்று வளர்த்தவர். மழுப்புகிறேன் என்பதை அந்த நிமிடமே கண்டுபிடித்திருப்பார்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். நீ தில்லியில் பிறந்து வளர்ந்தவன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் மூன்றாவது வரியிலிருந்து கடைசி வரிக்குத் தாவிவிடுவாய், உன் அப்பா மாதிரி. இன்று சனிக்கிழமை. கோல் மார்க்கெட்டில் நம் குவார்ட்டர்ஸுக்கு முன்னால் இருக்கிற பூங்காவில் வெயிலுக்காக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நாளை மதியம் வீடியோ காலில் உங்கள் கல்யாணப் பேச்சு. அங்கே மலாவியில் நீயும் பெரியம்மாவும் உட்காருவீர்கள். இங்கே தில்லியில், தடாலாவை உட்கார வைத்துக்கொண்டு, நம் வீட்டுக்காக என் அண்ணன், உன் மாமா, பேச வேண்டும். அவர் பேசாவிட்டால் கல்யாணப் பேச்சே இல்லை என்று பெரியம்மா சொல்லிவிட்டார். அவர் வருவாரா என்பது இதை எழுதும்போது எனக்குத் தெரியாது.

தடாலா நம் வீட்டுக்கு முதல் தடவை சாப்பிட வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். முனிர்காவில் உன் அறைக்கு மேல் மாடியில் குடியிருக்கிற பெண், மலாவியிலிருந்து உதவித்தொகையில் படிக்க வந்தவள் என்று மட்டும் சொல்லியிருந்தாய். ரசத்தை டம்ளரில் கேட்டு வாங்கிக் குடித்தாள். நடுவில் அவள் போனில் அலாரம் அடித்தது. பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து, ஒரு மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். "விட்டமினா?" என்று கேட்டேன். "இல்லை ஆன்ட்டி, எச்.ஐ.வி.க்கு. பிறந்ததிலிருந்தே எனக்கு இருக்கிறது" என்றாள், இன்னொரு அப்பளம் கேட்கிற குரலில். உன் அப்பா கையிலிருந்த கரண்டி சாம்பாருக்கு மேலேயே நின்றுவிட்டது. நீ என்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. அப்பளத்தைச் சின்னச் சின்னதாக உடைத்துக்கொண்டிருந்தாய்.

அவள் உன்னிடம் முதலில் சொன்னபோது நீ என்ன சொன்னாய் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "எனக்கு இதப்பத்தி ஒண்ணும் தெரியாது, எதைப் படிக்கணும்னு சொல்லுன்னு கேட்டேன்மா" என்றாய். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. சொல்லவில்லை, சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். "பரவாயில்லை, எனக்கு நீதான் முக்கியம்" என்று சினிமாவில் சொல்வதுபோல் சொல்லியிருந்தால், இவன் ஒரு வருஷம் தாங்குவான் என்று நினைத்திருப்பேன். எது பரவாயில்லை என்று தெரியாமலே சொல்கிற பரவாயில்லைக்கு ஆயுசு குறைவு. சின்ன வயதில் நீ எல்லாரையும் "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டு என் மானத்தை வாங்குவாய். சித்தி கல்யாணத்தில் முகூர்த்த நேரம் பார்த்துச் சொன்ன ஜோசியரிடமே கேட்டாய். அவர் என்னைத்தான் முறைத்தார். யாரிடமிருந்து வந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

நீ படித்ததை நானும் படித்தேன். நீ நம்புவதற்காகப் படித்திருப்பாய். நான் குறை கண்டுபிடிக்கப் படித்தேன். ஒருவருக்கு மட்டும் தொற்று இருக்கிற ஜோடிகளை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்த ஆய்வுகள் இருக்கின்றன. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்திருந்த காலத்தில், அவரிடமிருந்து துணைக்கு ஒரு ஜோடியில்கூடத் தொற்றவில்லை. யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள், நடுவில் விலகிப் போனவர்கள் எத்தனை பேர் என்று தோண்டிப் பார்த்தேன். தோண்டத் தோண்ட அது உறுதியாகத்தான் இருந்தது. பேரப்பிள்ளைகளுக்குத் தொற்றுமா என்றும் பார்த்தேன், அவசரக்காரி என்று நீ நினைத்தாலும் சரி. அங்கேயும் பயப்பட ஒன்றும் அகப்படவில்லை. என் தொழிலில் இப்படி அடிக்கடி நடப்பதில்லை.

என் தொழில் என்றதும் அந்தப் படம் ஞாபகம் வருகிறது. கல்லூரியில் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு வயதுவாரியான மக்கள்தொகைப் படம் வரையக் கற்றுக்கொடுப்பேன். அடியில் குழந்தைகள், உச்சியில் கிழவர்கள். பொதுவாக ஒரு கோபுரம் மாதிரி வரும். ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகள் சிலவற்றுக்கு இந்த நோய் உச்சத்தில் இருந்த காலத்துக் கணக்கை வைத்து வரைந்தால் கோபுரம் வராது. நடுவில் யாரோ இரண்டு பக்கமும் சுரண்டி எடுத்தாற்போல் இருக்கும். சம்பாதிக்கிற வயதுக்காரர்கள் அங்கே இல்லை. ஊரை விட்டுச் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் போய், வருஷத்துக்கு ஒருமுறை வீடு திரும்பிய ஆண்கள். அவர்கள் வந்துபோன வீடுகளில் இருந்த பெண்கள். நோய் மனிதர்களுடைய ஒழுக்கத்தைப் பார்த்துப் பரவவில்லை, பஸ் ரூட்டைப் பார்த்துப் பரவியது என்று வகுப்பில் சொல்வேன். பிறகு ஒரு கேள்வி கேட்பேன். ஒரு நாட்டில் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களின் எண்ணிக்கை கூடிவிட்டது. இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? எல்லாரும் கெட்டது என்று எழுதுவார்கள். புதிதாகத் தொற்றினாலும் எண்ணிக்கை கூடும். இருக்கிறவர்கள் சாகாமல் இருந்தாலும் கூடும். எந்தக் காரணத்தால் கூடியது என்று கேட்காமல் ஒன்றும் சொல்ல முடியாது. வருஷா வருஷம் இதைச் சொல்லியிருக்கிறேன். சாகாமல் இருப்பதால் எண்ணிக்கையைக் கூட்டுகிற ஒருத்தி என் சமையலறையில் நின்று வெங்காயம் உரிப்பாள் என்று நினைத்ததில்லை.

உங்கள் கல்யாணப் பேச்சு வந்த பிறகுதான் அந்தப் படத்தின் நடுவில் இல்லாமல் போனவர்கள் யார் என்று எனக்குப் புரிந்தது. தடாலாவின் ஆட்களுக்குக் கல்யாணத்தைப் பேசி முடிப்பது பெண்ணின் தாய்மாமனும் பையனின் தாய்மாமனும். அந்த மாமன்களை அங்கோஸ்வே என்கிறார்கள்.  நம்மைத் தவிர யாருக்கும் தாய்மாமன் இத்தனை பெரிய ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் பக்கம் பேச மாமன் இல்லை. மூன்று பேர் இருந்தார்களாம். ஒருவர் தையற்காரர், ஒருவர் எல்லை தாண்டி லாரி ஓட்டியவர், கடைசியானவர் பள்ளிக்கூட வாத்தியார். மருந்து உலகத்தில் வந்துவிட்டது. அவர்கள் ஊருக்கு வரவில்லை. வாங்குகிற விலையில் இல்லை. அது வந்து சேர்வதற்குள் மூவரும் போய்விட்டார்கள், அவளுடைய அம்மாவும் அப்பாவும் போனதுபோல. அதனால் மாமன் உட்கார வேண்டிய இடத்தில் பெரியம்மா உட்காருகிறார். அந்த ஊரில் இப்படி எத்தனை வீடுகளில் பெரியம்மாக்கள் மாமன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எந்தக் கணக்கெடுப்பிலும் கேட்டதாகத் தெரியவில்லை.

கடைசியில் அங்கே வந்த மாத்திரை எங்கே செய்தது என்று தடாலாவின் புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். நம் நாட்டில். மருந்து கம்பெனிகள் தர்மத்துக்குச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் புட்டியை மேஜையில் வைக்கும்போது கொஞ்சம் மெதுவாக வைத்தேன். அதைவிட அவர்கள் ஊர்க்காரர்கள் செய்த காரியம் எனக்குப் பிடித்தது. கர்ப்பிணிகளில் யாருக்கு மருந்து தேவை என்று ரத்தத்தைச் சோதித்துச் சொல்கிற கருவி கிராமங்களில் இல்லை. கருவி வரட்டும் என்று காத்திருக்காமல், தொற்று இருக்கிற கர்ப்பிணிகள் எல்லாருக்குமே ஆயுசு முழுக்க மருந்து கொடுத்துவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். பணக்கார நாடுகள் தயங்கியபோது எடுத்த முடிவு. பிறகு மற்ற நாடுகளும் அந்த வழிக்கு வந்தன. பெரியம்மா வீட்டுப் பக்கத்தில் சவப்பெட்டி செய்துகொண்டிருந்த கடையில் இப்போது கட்டில் செய்கிறார்கள் என்று நீ போனில் சொன்னாய். ஒரு கடையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றேன். அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

சரி, மாமா விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணப் பேச்சுக்கு மாமா வேண்டும் என்றதும் உன் அப்பா உற்சாகமாகிவிட்டார். மாமாவுக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று பெரியம்மா சொன்னதும் உற்சாகம் வடிந்துவிட்டது.

"மச்சானுக்கு எதுக்குச் சொல்லணும்? வந்து நாலு வார்த்தை பேசிட்டு டிபன் சாப்ட்டுட்டுப் போகட்டும்."

"அவங்க சொல்லச் சொல்றாங்களே."

"அவங்க ஊர்ல சொல்லிக்கட்டும். இங்க ஒருத்தர்கிட்டச் சொன்னா ஆர்.கே.புரத்துத் தமிழாளுங்க பூராகிட்டயும் சொன்ன மாதிரி. பொங்கல் விழாவுல நம்மளத் தனிப் பந்தியில உக்கார வெப்பாங்க."

உன் அப்பா கெட்டவர் இல்லை, பயந்தவர். அதற்கு நீ போனில் சொன்ன பதிலை நான் மறக்க மாட்டேன். "அப்பா, இது நம்ம ரகசியம் இல்ல. அவளோடது. அவ சொல்றேன்னா சொல்லட்டும். வேண்டாம்னா நாம யாரும் வாயத் தொறக்க வேண்டாம்." அப்பா போனை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, "உன் பையன் எனக்கே பாடம் எடுக்கறான்" என்றார். உன் பையன் என்று சொல்வது கோபத்தில். ஆனால் குரலில் கோபம் இல்லை.

தடாலா தானே சொல்வதாகச் சொன்னாள். இன்று காலை நானும் அவளும் ஆர்.கே.புரத்தில் மாமா வீட்டுக்குப் போனோம். அண்ணி சப்ஜி மண்டிக்குக் காய் வாங்கப் போயிருந்தாள். மாமா உற்சாகமாகக் கதவைத் திறந்து, இந்தியில் உட்காரச் சொன்னார்.

"வா அம்மிணி, பைட்டோ பைட்டோ. பேரு தடாலடியா இருக்குது, புள்ள பூனையாட்டம் வருது. சொல்லு, மாமன் என்ன பண்ணோணும்? மோதரம் போடறதா, மால எடுத்துக் குடுக்கறதா? போட்டோவுக்குக் கோட்டுகூட எடுத்து அயர்ன் பண்ணி வெச்சுட்டேன்."

நம்மில் யாருமே அந்த மாமன் பொறுப்பைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை, தம்பி. நம் ஊரில் தாய்மாமன் மரியாதை கல்யாணத்தன்று உச்சத்துக்குப் போய், அன்று சாயங்காலமே இறங்கிவிடும். அவர்களிடம் அது அன்றுதான் தொடங்குகிறது. அவர் கேட்டதை நான் மொழிபெயர்த்ததும் தடாலா ஆங்கிலத்தில் பொறுமையாகச் சொன்னாள். "போட்டோவுக்கு இல்லை அங்கிள். எனக்கு உடம்பு சரியில்லாமல் போனால் உங்களைத்தான் கேட்பார்கள். உங்கள் மருமகன் என்னை அடித்தால் உங்களைத்தான் கேட்பார்கள். வீட்டை விட்டுப் போ என்று சொன்னால் நான் உங்கள் வீட்டுக்குத்தான் வருவேன்."

"அவனா அடிக்கறவன்? கரப்பாம்பூச்சி வந்தா அம்மாவக் கூப்படறவன்."

அவள் சிரித்தாள். பிறகு சொன்னாள். எனக்குச் சொன்ன அதே குரலில். மாமா டீ டம்ளரைக் கீழே வைத்தார். முதலில் உன்னைப் பற்றித்தான் கேட்டார். "மாப்ளைக்கு?"

"இல்லை அங்கிள். மருந்து வேலை செய்கிறவரை என்னிடமிருந்து அவருக்குப் போகாது."

என் பக்கம் திரும்பினார். "நெசமா அம்மிணி? நீ பஞ்சாங்கத்தையே நம்பாதவ."

"படிச்சுப் பாத்துட்டேங்ண்ணா. உண்மைதான்."

 பிறகு, எனக்கே தெரியாத ஒன்றைச் சொன்னார். லாரிகளுக்குப் பேர்போன மாவட்டம் நம்முடையது. அவருக்குப் பெண் பார்த்த காலத்தில் ஊர்ப் பேரைச் சொன்னாலே இந்த நோயின் பேரையும் சேர்த்துச் சொல்வார்களாம். அண்ணியின் அப்பா அவரிடம் ரத்தப் பரிசோதனை கேட்டிருக்கிறார். "சைக்கிளத் தவர எதையும் ஓட்டாதவன் நான். செக்சன்ல ஃபைல் தூக்கறவன். என்னையக் கேட்டாங்க. எடுத்துக் குடுத்தேன். ரிசல்ட் வர்ற வரைக்கும் ஒரு தப்பும் பண்ணாத நானே தெனமும் முருகன் கோயிலுக்கு நடையா நடந்தேன்." தடாலாவிடம் இதையே இந்தியும் ஆங்கிலமுமாகச் சொன்னார். அவள், "இப்போதும் கோபமா அங்கிள்?" என்று கேட்டாள்.  அவர் மலை மந்திர் முருகன் கோயிலில் நடை சாத்திவிடுவார்கள் என்று எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். "அண்ணி வந்தா டீ குடிச்சுட்டுப் போங்க" என்றார். நாளைக்கு வருவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆட்டோவில் தடாலா கேட்டாள், உங்கள் அண்ணன் வருவாரா என்று. தெரியாது என்றேன். "பெரியம்மா சொல்வார், மாமன்மார் இப்படித்தான் பேச்சின் நடுவில் எழுந்து போவார்களாம். நான் பார்த்ததில்லை. இன்றைக்குப் பார்த்துவிட்டேன்" என்றாள். அவளுக்குப் பயம் இருந்தது, என் கையைப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்காது. நாங்கள் இரண்டு பேரும் அந்த விஷயத்தில் ஒத்துப்போவோம்.

நாளை எப்படி முடிந்தாலும் உனக்குச் சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்குப் பிறகு யாராவது உன்னைப் பெரிய மனசுக்காரன் என்பார்கள். அந்தப் பேச்சைத் தலையாட்டி ஏற்றுக்கொள்ளாதே. அது அவளைச் சிறிதாக்குகிற புகழ். மாத்திரை அவளுடையது. சாப்பிட்டாயா என்று ஒருதடவை கேட்கலாம், புட்டியைத் திறந்து எண்ணக் கூடாது. சண்டையில் அந்த நோயின் பேர் உன் வாயில் வரக் கூடாது, கிண்டலாகக்கூட. நானும் உன் அப்பாவும் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம், மின்விசிறி ரெகுலேட்டருக்கெல்லாம். அவர் ஒருநாளும் என் அப்பாவின் குடியை இழுத்ததில்லை. அவரிடம் எனக்கு எத்தனையோ குறை உண்டு. அந்த ஒன்றுக்காக எல்லாவற்றையும் தள்ளுபடி செய்திருக்கிறேன். அவர் பயந்தவர் என்று சொன்னேனே, அதோடு இதையும் வைத்துக்கொள்.

இன்னொன்று. மகனை நல்லபடியாக வளர்த்திருக்கிறீர்கள் என்று பெரியம்மா சொன்னார். உன்னைக் கடலை உரிக்க வைத்தாராம், கிணற்றடியில் தண்ணீர் தூக்க வைத்தாராம், தம்பிமார் மூவரின் படங்களுக்கு முன்னால் உட்கார வைத்து ஒவ்வொருவர் கதையையும் சொன்னாராம். நீ ஒவ்வொரு கதைக்கும் ஏதாவது கேள்வி கேட்டாயாம். தையற்காரர் யாருக்குத் தைத்தார், வாத்தியார் என்ன பாடம் எடுத்தார் என்று. "எல்லாரும் எப்படிச் செத்தார்கள் என்று கேட்பார்கள். இவன் எப்படி இருந்தார்கள் என்று கேட்டான்" என்றார். தரவு திரட்டுகிறவள் பிள்ளை, கேட்கத்தானே செய்வான் என்று சொல்லிவைத்தேன். போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றேன். 

வெயில் நகர்ந்துவிட்டது. நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறேன்.

ஞாயிறு. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். நீ திரையில் பாதிதான் பார்த்தாய்.

மாமா வந்தார், கோட்டுப் போட்டுக்கொண்டு, அண்ணியோடு. அண்ணி நேரே சமையலறைக்குப் போய் வடைக்கு மாவை எடுத்துக்கொண்டாள். பெண்ணுக்கு என்ன இருக்கிறது என்று தெரியுமா என்று பெரியம்மா கேட்டதும், மாமா அலுவலகத்தில் பேசுகிற ஆங்கிலத்தில் பேசியதும் உனக்குத் தெரியும். பெண் தானே வந்து தன்னிடம் சொன்னாள், தனக்குத் தெரியும் என்றார். பெரியம்மா, "உங்கள் மனைவிக்குத் தெரியுமா?" என்றார். இல்லை என்றார் மாமா. "அப்படியானால் எங்கள் பெண் உங்கள் வீட்டுக்கு வரும்போது யார் கதவைத் திறப்பார்கள்?"

அதற்குப் பிறகு மாமா தடாலா பக்கம் குனிந்து, உனக்குக் கேட்காத குரலில், "சொல்லட்டுமா அம்மிணி?" என்று கேட்டார். கல்யாணப் பேச்சில் பெண் பேசக் கூடாது என்பது அவர்கள் வழக்கம், தலையசைத்தாள். மாமா சமையலறை வாசலுக்குப் போய் இரண்டே வாக்கியத்தில் சொன்னார். அண்ணி கையில் மாவோடு நின்றாள். "இந்தப் புள்ளைக்கு அம்மாவும் இல்லியா?" என்றாள். பிறகு, "இதுக்குத்தான் நேத்து முழுக்க மூஞ்சியத் தூக்கிட்டுத் திரிஞ்சீங்களா?" என்று அவரைக் கேட்டாள். ஹாலுக்கு வந்து போனைப் பார்த்து, "மாப்ளே, அந்தம்மா என்ன கேக்கறாங்க?" என்றாள். நீ சொன்னாய். "மத்தியானம் மூணு மணிக்கு வந்தா மட்டும் கொஞ்சம் ஜோரா தட்டச் சொல்லு, தூங்கிட்டிருப்பேன். மத்தபடிக்கு நாந்தான் தொறப்பேன்." நீ அதை மொழிபெயர்த்ததும் பெரியம்மா சிரித்தார். மக்காச்சோள அறுவடை முடிந்ததும் நாள் வைத்துக்கொள்ளலாம் என்றார். அதுவரை எல்லாம் உனக்கும் தெரியும்.

நீ பார்க்காதது இது. சாப்பிட்டு முடித்ததும் அண்ணி பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். தடாலாவின் தட்டு வந்தபோது அவள் கை கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் மற்றவற்றோடு சேர்த்துக் கழுவிக் கவிழ்த்தாள். தனியாக வைப்பாளா என்று நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணியின் கை நின்றதைப் பெரியம்மாவிடம் சொல்ல வேண்டாம். நான் நின்று பார்த்தேன் என்பதைச் சொல்லிவிடு, காய்ச்சல் கேள்விக்கு என் பதில் அதுதான்.